தோற்கும் என்று தெரிந்தும் மசோதாவுக்குத் திருத்தம் கொண்டுவருவது ஏன்?

கேள்வி இதுதான்: நாடாளுமன்ற நேரலையில் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் எழுந்து "என் திருத்தத்தை முன்மொழிகிறேன்" என்கிறார். அடுத்த சில நொடிகளில் "திருத்தம் நிராகரிக்கப்பட்டது" என்கிறார் அவையை நடத்துபவர். இப்படி வரிசையாக இருபது முப்பது போகிறது. இதற்கெல்லாம் விதிமுறை என்ன, இப்படி ஒரு திருத்தம் எப்போதாவது ஜெயித்திருக்கிறதா, இல்லையென்றால் எதற்கு இந்தச் சடங்கு?

ஜெயித்திருக்கிறது. ஒருமுறை, மசோதாவின் உயிர்நாடியான ஷரத்தே (எண்ணிட்ட பகுதியே) அதனால் கழன்று விழுந்திருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். மற்றபடி திருத்தங்களின் தலையெழுத்து பெரும்பாலும் வாக்கெடுப்புக்கு முன்பே, நோட்டீஸ், வரம்பு, குழு ஆகிய இடங்களில் முடிவாகிவிடுகிறது. டிவியில் நாம் பார்ப்பது கடைசிக் காட்சி மட்டும்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். காதில் விழும் "திருத்தம்" எல்லாம் ஒரே வகை அல்ல. மசோதா அறிமுகமான பிறகு, பொறுப்பு அமைச்சர் எழுந்து "இந்த மசோதாவைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு தீர்மானத்தை முன்மொழிவார். அவை விவாதிப்பது முதலில் இந்தத் தீர்மானத்தைத்தான். அப்போது கொண்டுவரும் திருத்தம் மசோதாவின் வரிகளைத் தொடாது, அமைச்சரின் தீர்மானத்தைத்தான் மாற்றும். "பரிசீலிப்பதற்குப் பதிலாக, தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும்" என்றோ, "இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும்" என்றோ, "இன்ன தேதிக்குள் பொதுமக்கள் கருத்தைக் கேட்கச் சுற்றுக்கு விட வேண்டும்" என்றோ கேட்கலாம். தேர்வுக் குழு என்பது மசோதாவை ஆராய அந்த அவை அமைக்கும் எம்.பி.க்கள் குழு. "இந்த மசோதாவைப் பரிசீலிக்கவே கூடாது" என்று மட்டும் திருத்தம் கொடுக்க முடியாது. அது வெறும் எதிர்ப்பு வாக்கு. எதிர்ப்பதானால் வாக்கெடுப்பில் "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகலாமே, அதற்குத் திருத்தம் எதற்கு என்பது விதியின் நியாயம்.

இந்த முதல் வகைத் திருத்தம் உண்மையில் அரசியல் கனம் மிக்கது. தேர்வுக் குழுவுக்கு அனுப்பிவிட்டால் மசோதா மாதக்கணக்கில் தள்ளிப்போகும், சாட்சிகள் வருவார்கள், வாசகம் மாறும். அரசுக்கு அறுதிப் பெரும்பான்மை இல்லாதபோது மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் குறிவைப்பது இதைத்தான். 2019 ஜூலையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத் திருத்த மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் கோரிக்கை 75-117 என்று தோற்றது. அடுத்த வாரமே முத்தலாக் மசோதாவில் அதே கோரிக்கை 84-100 என்று தோற்றது. அதன் பிறகு மசோதா நிறைவேறியபோது எண்ணிக்கை 99-84. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேர்வுக் குழு வாக்கெடுப்பில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் மசோதாவின் கதி தெரிந்துவிடும். வாக்கெடுப்பு நேரத்தில் வெளியேறிய கட்சிகள், வராமல் போன உறுப்பினர்கள் என்று அன்றைய ஆட்டமெல்லாம் அந்த இடத்தில்தான்.

2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்த நாள். அன்றைய கலவரமும் இந்த முதல் வகைத் திருத்தத்தில்தான் தொடங்கியது. மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரியவர்களில் திமுகவின் திருச்சி சிவாவும் ஒருவர். குரல் வாக்கெடுப்பில் அது தோற்றதாக அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டார்கள், அதாவது தலை எண்ணி வாக்கெடுப்பு. துணைத் தலைவர் ஹரிவன்ஷ் அதை ஏற்கவில்லை. உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இருந்து கேட்க வேண்டும், அவை ஒழுங்கில் இருக்க வேண்டும் என்பது அவர் தரப்பு. இருக்கையில் இருந்துதான் கேட்டோம் என்பது எதிர்த்தரப்பு. மறுநாள் எட்டு எம்.பி.க்கள் அந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா 2021 நவம்பர் 29 அன்று விவாதமே இல்லாமல் இரு அவைகளிலும் நிறைவேறியது.

டிவிஷன் விஷயத்தில் என் கருத்து எளிமையானது. குரல் வாக்கெடுப்பு என்பது எண்ணிக்கையில் சந்தேகம் இல்லாதபோது நேரத்தை மிச்சப்படுத்தும் வசதி, அவ்வளவுதான். நம் சட்டமன்றத்தில் "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று கேட்பதும் அதே வசதிதான். முடிவை ஒருவர் மறுத்துவிட்டால் அந்த வசதிக்கு அடிப்படை போய்விடுகிறது. மக்களவையில், தேவையில்லாமல் டிவிஷன் கேட்கிறார்கள் என்று சபாநாயகர் நினைத்தால் உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிக்கொள்ளலாம். முறைப்படி டிவிஷன் என்றால் மூன்றரை நிமிடம் மணி அடிக்கும், கதவுகள் மூடப்படும், அப்புறம் பொத்தான் வாக்கு.

சரி, இனி இரண்டாவது வகை. பரிசீலனைத் தீர்மானம் நிறைவேறிய பிறகு அவை ஷரத்து ஷரத்தாக மசோதாவை எடுத்துக்கொள்ளும். நீங்கள் டிவியில் பார்த்த வரிசை இதுதான். இங்கே வரும் திருத்தங்கள் மசோதாவின் வாசகத்தையே மாற்றக் கேட்பவை: "இரண்டாம் பக்கம், பத்தாவது வரியில், 'மூன்று' என்பதற்குப் பதிலாக 'ஐந்து' என்று மாற்றுக" என்கிற மாதிரி. வரி எண் வரை குறிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். "இந்த ஷரத்து சரியில்லை, மாற்றுங்கள்" என்பது பேச்சு, திருத்தம் ஆகாது.

மக்களவையில், மசோதா எடுத்துக்கொள்ளப்படும் நாளுக்கு ஒரு நாள் முன்பே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். தாமதமாகக் கொடுத்தால் எந்த உறுப்பினரும் ஆட்சேபிக்கலாம். சபாநாயகர் அனுமதித்தால் ஒழிய அந்த ஆட்சேபம் நிற்கும். கேட்க நியாயமான விதிதான், ஆனால் மசோதா எப்போது வரும் என்பது அரசின் கையில் இருக்கிறது. ஜம்மு காஷ்மீர் மறுசீரமைப்பு மசோதா 2019 ஆகஸ்ட் 5 அன்று மாநிலங்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. காலையில் முதல்முறை பார்த்த மசோதாவுக்கு ஒரு நாள் முன் நோட்டீஸ் என்றால் என்ன அர்த்தம்?

நோட்டீஸ் தாண்டினால் அடுத்து விதி 80. மக்களவை விதிகளில் திருத்தங்கள் சம்பந்தமாக ஒரே ஒரு விதியைப் படிக்கவேண்டும் என்றால் இதைப் படியுங்கள். திருத்தம் மசோதாவின் வரம்புக்குள் இருக்க வேண்டும், அது எந்த ஷரத்துக்கோ அதன் பொருளோடு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். அதே விஷயத்தில் அவை ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு முரணாக இருக்கக் கூடாது. திருத்தத்தைச் சேர்த்த பிறகு ஷரத்து இலக்கணப் பிழையாகவோ புரியாததாகவோ ஆகிவிடக் கூடாது. விளையாட்டுத்தனமானது, அர்த்தமற்றது என்று பட்டால் சபாநாயகர் அதை அவை முன் வைக்கவே மறுக்கலாம். இவை போக, அரசுப் பணத்தைச் செலவழிக்க வைக்கும் திருத்தம், புதிய வரி போடும் திருத்தம் என்றால் குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும். அதாவது நடைமுறையில் அமைச்சரவையின் சம்மதம் வேண்டும். வரியைக் குறைக்கவோ நீக்கவோ கேட்டால் அந்தப் பரிந்துரை தேவையில்லை. எதிர்க்கட்சி எம்.பி. "ஓய்வூதியத்தை இரட்டிப்பாக்குக" என்று திருத்தம் கொடுக்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இந்த வரம்பு விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைத்தால் நிதி மசோதா (பட்ஜெட்டின் வரி யோசனைகளைச் சட்டமாக்கும் மசோதா) வரும் நாளன்று உட்கார்ந்து பாருங்கள். ஷரத்துகளை எடுத்துக்கொண்டு போகும்போது நடுவில் நிதி அமைச்சர் எழுந்து, விதி 80-இன் முதல் உட்பிரிவை, அதாவது "திருத்தம் மசோதாவின் வரம்புக்குள் இருக்க வேண்டும்" என்ற பகுதியை, இன்ன எண் கொண்ட அரசுத் திருத்தத்துக்கு மட்டும் நிறுத்திவைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வாசிப்பார். அவை ஏற்கும். அடுத்த மூச்சில், அறிமுகமானபோது மசோதாவில் இல்லாத, சில சமயம் அதன் தலைப்போடு தூரத்து உறவுகூட இல்லாத புதிய ஷரத்து உள்ளே வந்துவிடும். பெரும்பான்மை உள்ளவருக்கு வேலியே வாசல். இந்தத் தீர்மானம் வாசிக்கப்படும்போது அவையில் பெரும்பாலும் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கு அன்றைய தினத்தின் முக்கியமான நிமிடம் அதுதான்.

2017 நிதி மசோதா இதற்கு நல்ல உதாரணம். பிப்ரவரியில் அறிமுகமான மசோதாவில் இல்லாதவை மார்ச்சில் அரசுத் திருத்தங்களாக வந்தன. பான் எண்ணோடு ஆதாரை இணைப்பது அப்படி வந்ததுதான். பல தீர்ப்பாயங்களை ஒன்றோடொன்று இணைத்ததும், கம்பெனிகள் அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தருவதில் இருந்த 7.5 சதவீத உச்சவரம்பை எடுத்ததும் அதே வழியில்தான். மறு ஆண்டு, 2018 மார்ச் 14 அன்று, இருநூறுக்கும் மேற்பட்ட ஷரத்துகள் கொண்ட நிதி மசோதா அமளிக்கு நடுவே, விவாதம் இல்லாமல், அரை மணி நேரத்தில் திருத்தங்களோடு நிறைவேறியது. அந்த வேகத்தில் ஒரு எதிர்க்கட்சித் திருத்தம் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஷரத்துகள் எடுத்துக்கொள்ளப்படும் நேரத்தில் காதில் விழுவது ஏறக்குறைய இப்படி இருக்கும். "இரண்டாவது ஷரத்து. இன்ன எண் திருத்தம், உறுப்பினர் இன்னார். முன்மொழிகிறீர்களா?" பெயர் கூப்பிடும்போது உறுப்பினர் இருக்கையில் இல்லையென்றால் திருத்தம் அவ்வளவுதான். "முன்மொழியவில்லை" என்று பதிவாகும். இருந்தால் எழுந்து முன்மொழிவார். சுருக்கமாகப் பேச விடலாம், விடாமலும் போகலாம். பிறகு திருத்தம் வாக்குக்கு வரும், அதன் பிறகு "இரண்டாவது ஷரத்து (அல்லது திருத்தப்பட்ட இரண்டாவது ஷரத்து) மசோதாவின் பகுதியாக இருக்கட்டும்" என்று ஷரத்து தனியாக வாக்குக்கு வரும். திருத்தம் இல்லாத ஷரத்துகளை மூன்று முதல் பதினேழு வரை என்று கொத்தாக வைத்து முடித்துவிடுவார்கள். ஒருமுறை முன்மொழிந்த திருத்தத்தைத் திரும்பப் பெற அவையின் அனுமதி வேண்டும். யாராவது ஒருவர் மறுத்தால் அதையும் வாக்குக்கு விட்டே ஆக வேண்டும்.

முதல் ஷரத்து, சட்டமியற்றும் வாசகம், நீண்ட தலைப்பு ஆகியவை கடைசியில்தான் வரும். தலைப்பும் அமலுக்கு வரும் தேதியும் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தவை என்பதால். இங்கே எப்போதும் ஜெயிக்கும் ஒரு திருத்தம் உண்டு. 2017-இல் அறிமுகமான மசோதா 2018-இல் நிறைவேறினால், ஆண்டையும் "குடியரசின் இத்தனையாவது ஆண்டில்" என்ற எண்ணையும் மாற்ற வேண்டும். அதற்கும் முறைப்படி அரசுத் திருத்தம், முறைப்படி வாக்கெடுப்பு. இதற்கு "இல்லை" என்று யாரும் கத்தி நான் கேட்டதில்லை.

எல்லாம் முடிந்து "மசோதாவை நிறைவேற்ற வேண்டும்" என்ற கடைசித் தீர்மானம் வந்த பிறகு கதவு ஏறக்குறைய மூடியாயிற்று. அப்போது வாசகப் பிழை, எண் மாற்றம், ஏற்கெனவே ஏற்ற திருத்தத்தின் தொடர்விளைவு ஆகியவற்றை மட்டும்தான் திருத்தலாம்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கதைக்கு வருகிறேன். 2017-இல் அரசமைப்புச் சட்டத்தின் 123-ஆவது திருத்த மசோதா வந்தது. தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்துக்கு அரசமைப்புத் தகுதி கொடுப்பது நோக்கம். மக்களவையில் ஏப்ரலில் நிறைவேறியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது, குழு மாற்றமில்லாமல் திருப்பி அனுப்பியது. ஜூலை 31 அன்று அவையில் வாக்கெடுப்பு. மூன்றாவது ஷரத்துதான் மசோதாவின் மையம். 338பி என்ற புதிய பிரிவைச் சேர்த்து ஆணையத்தையே உருவாக்குவது அது. காங்கிரஸ் உறுப்பினர்கள் அதற்குத் திருத்தம் கொடுத்திருந்தார்கள்: ஆணையத்தில் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், ஒரு பெண் இருக்க வேண்டும், சிறுபான்மையினர் ஒருவர் இருக்க வேண்டும். அன்று ஆளும் தரப்பு வரிசைகளில் வந்திருக்கவேண்டிய பலர் வரவில்லை. கொறடாக்கள் என்ன செய்தார்களோ! எதிர்க்கட்சித் திருத்தம் வாக்கெடுப்பில் ஜெயித்துவிட்டது.

இங்கேதான் விதியின் வேடிக்கை. அரசமைப்புத் திருத்த மசோதாவில், ஒரு ஷரத்துக்கான திருத்தம் ஜெயிக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும். திருத்தப்பட்ட அந்த ஷரத்து மசோதாவில் நிற்கவேண்டுமானால், அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். திருத்தத்தை ஏற்றவர்களிடம் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. திருத்தத்தோடு ஷரத்தை ஏற்க அரசுத் தரப்பும் தயாராக இல்லை. திருத்தப்பட்ட மூன்றாவது ஷரத்து விழுந்தது. மிச்ச மசோதாவை எதிர்ப்பே இல்லாமல் அவை நிறைவேற்றியது. ஆணையத்துக்கு அரசமைப்புத் தகுதி தரும் மசோதா, ஆணையத்தை உருவாக்கும் ஷரத்து இல்லாமலேயே நிறைவேறியது என்று அர்த்தம். மக்களவை அதைச் சரிசெய்து 2018 ஆகஸ்ட் 2 அன்று திருப்பி அனுப்பியது. மாநிலங்களவை ஆகஸ்ட் 6 அன்று ஏற்றது. அதுவே 102-ஆவது அரசமைப்புத் திருத்தம் ஆனது. 1978-இலும் கிட்டத்தட்ட இப்படி ஒன்று நடந்தது. ஜனதா அரசு கொண்டுவந்த திருத்த மசோதாவில் பொது வாக்கெடுப்பு சம்பந்தமான ஷரத்து உட்படச் சிலவற்றை மாநிலங்களவை ஏற்கவில்லை. மீதிதான் 44-ஆவது திருத்தமாக நிற்கிறது.

இந்த 2017 கதைக்கு ஒரு வால் உண்டு. நம் ஊருக்கும் அது வந்து சேர்ந்தது. அதே மசோதாவில் இன்னொரு ஷரத்து 342ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சமூக, கல்வி ரீதியாகப் பிற்படுத்தப்பட்ட வகுப்புகளின் பட்டியலைக் குடியரசுத் தலைவர் அறிவிப்பார் என்பது அதன் சாரம். அப்படியானால் மாநிலங்கள் வைத்திருக்கும் பட்டியல்கள் என்ன ஆகும் என்று எதிர்க்கட்சிகள் தேர்வுக் குழுவிலும் கேட்டார்கள், அவையிலும் கேட்டார்கள். மாநிலங்களின் அதிகாரம் பாதிக்கப்படாது என்று அரசுத் தரப்பு உறுதி சொன்னது. வாசகம் மாறவில்லை. மராத்தா இடஒதுக்கீட்டு வழக்கில் 2021 மே 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைப் பார்த்தது. அரசு சொன்ன உறுதியையும் குழு அறிக்கையையும் வைத்து, மாநில அதிகாரம் தொடர்கிறது என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். எழுதியிருக்கும் வார்த்தைப்படி பட்டியல் அதிகாரம் மத்தியிடம்தான் என்று மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேர் சொன்னதே தீர்ப்பு.

அந்த அதிகாரத்தை மாநிலங்களுக்குத் திருப்பித் தர, 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் 105-ஆவது திருத்தத்தை நிறைவேற்றவேண்டியிருந்தது. மக்களவையில் 385-0, மாநிலங்களவையில் 187-0. இடைப்பட்ட காலத்தில், 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் வன்னியருக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்துச் சட்டம் இயற்றியிருந்தது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, 102-ஆவது திருத்தத்தின் கீழ் மாநிலத்துக்கு அன்று அதிகாரம் இல்லை என்பது. அதிகாரம் பற்றிய அந்தக் காரணத்தை 2022-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. போதிய தரவு இல்லை என்ற வேறு காரணத்துக்காகச் சட்டம் போனது. அமைச்சர் சொன்ன உறுதியை 2018-இலேயே ஒரு வரி திருத்தமாக மசோதாவில் எழுதியிருந்தால் இத்தனை அலைச்சலும் மிச்சமாகியிருக்கும் என்பது என் எண்ணம். விவாதத்தில் அமைச்சர் "உங்கள் கவலையைக் கவனத்தில் கொள்கிறோம், திருத்தத்தைத் திரும்பப் பெறுங்கள்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த 342ஏ ஞாபகம் வரும்.

ஒரு அவை திருத்தம் செய்தால் மசோதா மறுபடி இன்னொரு அவைக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே வாசகத்தை ஏற்றால்தான் சட்டம். திருத்தங்களில் ஒத்துப்போகவில்லை என்றால் கூட்டுக் கூட்டம் கூட்டலாம். இதுவரை மூன்றே முறைதான்: 1961-இல் வரதட்சணை தடை மசோதா, 1978-இல் வங்கிப் பணியாளர் தேர்வாணைய ஒழிப்பு மசோதா, 2002-இல் பொடா எனும் பயங்கரவாதத் தடுப்பு மசோதா. கூட்டுக் கூட்டத்திலும் புதுத் திருத்தங்களை இஷ்டத்துக்குக் கொண்டுவர முடியாது. இரு அவைகளும் முரண்பட்ட விஷயம், தாமதத்தால் தேவையாகிவிட்ட மாற்றம், இவற்றோடு சம்பந்தப்பட்டவை மட்டும்தான். அரசமைப்புத் திருத்த மசோதாவுக்குக் கூட்டுக் கூட்டமே கிடையாது.

பண மசோதா, அதாவது வரி, அரசுச் செலவு போன்றவை பற்றி மட்டுமானது, என்று சபாநாயகர் சான்றளித்துவிட்டால் மாநிலங்களவை செய்யும் திருத்தம் வெறும் பரிந்துரை. 14 நாளில் திருப்பி அனுப்ப வேண்டும். மக்களவை ஏற்கலாம், தூக்கிப் போடலாம். 2016 மார்ச் 16 அன்று ஆதார் மசோதாவுக்குக் காங்கிரஸின் ஜெய்ராம் ரமேஷ் கொண்டுவந்த ஐந்து திருத்தங்களை மாநிலங்களவை ஏற்றது. அன்று மாலையே மக்களவை ஐந்தையும் நிராகரித்தது. ஆதாரை வேறு நோக்கங்களுக்கும் பயன்படுத்த வழிவிட்ட 57-ஆவது பிரிவை எடுக்கச் சொன்னது அந்த ஐந்தில் ஒன்று. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதே பிரிவில், தனியார் நிறுவனங்கள் ஆதார் கேட்க வழிசெய்த பகுதியை ரத்து செய்தது. அதே மாதிரி, 2017 நிதி மசோதாவுக்கு மாநிலங்களவை சொன்ன ஐந்து திருத்தங்களில் கம்பெனி நன்கொடை உச்சவரம்பு பற்றியதும் இருந்தது. மறுநாள் மக்களவை நிராகரித்தது. 2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திரத் தீர்ப்பில் அந்த உச்சவரம்பு நீக்கமும் செல்லாது என்று ஆனது. தோற்ற திருத்தம் அவைக் குறிப்பில் உட்கார்ந்திருக்கும். எந்த ஓட்டை அன்றே சுட்டிக்காட்டப்பட்டது என்பதற்கு அதைவிடச் சுத்தமான ஆவணம் கிடையாது. "எதற்கு இந்தச் சடங்கு" என்ற உங்கள் கேள்விக்கு ஒரு பதில் இது.

இன்னொரு பதில், தீர்மானங்களுக்கான திருத்தத்தில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்துக்கும் திருத்தம் கொடுக்கலாம். 2015 மார்ச்சில் மாநிலங்களவையில் மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரி, கறுப்புப் பணத்தை மீட்கத் தவறியது பற்றி ஒரு வரி சேர்க்கச் சொல்லி டிவிஷன் கேட்டார். 118-57 என்று ஜெயித்தது. மறு ஆண்டு, அன்று காங்கிரஸில் இருந்த குலாம் நபி ஆசாத்தின் திருத்தம், உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிடும் உரிமையைப் பற்றியது, 94-61. மாநிலங்களவை என்பதால் அரசு கவிழாது. ஆனால் "நன்றி, ஆனால்..." என்று அவையே சொன்னதாகப் பதிவாகிவிட்டது. மக்களவையில் அப்படி ஒன்று நடந்தால் அரசின் மீதான நம்பிக்கையே கேள்விக்குள்ளாகும்.

உண்மையிலேயே வாசகம் மாறுவதைப் பார்க்க விரும்பினால் குழுக்களைக் கவனியுங்கள். அங்கேயும் எண்ணிக்கைதான் பேசும் என்பதை மறைக்க முடியாது. வக்ஃப் திருத்த மசோதாவை ஆராய்ந்த கூட்டுக் குழுவில் ஆளும் தரப்பு உறுப்பினர்கள் கொடுத்த 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன, எதிர்க்கட்சிகள் கொடுத்தவை மொத்தமாக விழுந்தன. 2025 ஏப்ரலில் மக்களவையில் நள்ளிரவு தாண்டி வாக்கெடுப்பு நடந்தபோது 288-232 என்று மசோதா நிறைவேறியது. ஆனால் கட்சி அரசியல் சூடு குறைந்த மசோதாக்களில் குழு நிஜமாகவே வேலை செய்யும். 2025 வருமான வரி மசோதாவை ஆராய்ந்த தேர்வுக் குழு 285 பரிந்துரைகள் கொடுத்தது. அத்தனையையும் அவையில் ஒவ்வொன்றாகத் திருத்தமாகக் கொண்டுவந்தால் விடிந்துவிடும் என்பதால், அரசு ஆகஸ்ட் 8 அன்று பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, 11-ஆம் தேதி மாற்றங்களைச் சேர்த்த புதிய மசோதாவை அறிமுகப்படுத்தியது.

அடுத்த முறை நேரலை பார்க்க உட்கார்ந்தால், அதற்கு முன் நாடாளுமன்ற இணையதளத்தில் அந்த மசோதாவின் திருத்தப் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். பட்டியல் ஒன்று, இரண்டு என்று பிரித்து, யார் எந்த ஷரத்தில் எந்த வரியை மாற்றக் கேட்கிறார்கள் என்று அதில் இருக்கும். அரசுத் திருத்தங்களும் அதே பட்டியல்களில் வரும், முதலில் அவற்றைப் படியுங்கள். அறிமுகப்படுத்திய வடிவம், ஒவ்வொரு அவையும் நிறைவேற்றிய வடிவம் என்று மசோதாவின் பிரதிகளும் தனித்தனியாகக் கிடைக்கும். அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் "திருத்தம் நிராகரிக்கப்பட்டது" என்று அவசரமாகக் காதில் விழும்போது எது நிராகரிக்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.